நாலரை மணிக் குளியல் காட்சி

ஈயத் தடுப்பு வாரியத்தின் தலைமை அலுவலகத்தில் ஈயம் கிடையாது. பதினெட்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, நாற்பதாம் எண் தீர்மானத்தின் மூலம் அதை அங்கிருந்து ஒழித்துவிட்டார்கள். சுரண்டவில்லை, கழுவவில்லை, ஒரு ஜன்னலைக்கூடத் தொடவில்லை. ஒருவர் முன்மொழிந்தார், இன்னொருவர் வழிமொழிந்தார், டீ வந்தது, ஈயம் போனது. விஷயம் தெரியாத ஈயம் மட்டும் ஏழு அடுக்குப் பழைய பெயிண்டுக்குள் அப்படியே உட்கார்ந்திருந்தது. யாரும் அதற்குத் தீர்மானத்தின் நகல் அனுப்பவில்லை.

வாரியத்துக்கு இருபத்தைந்து வயது நிறைவதால் வெள்ளி விழா எடுப்பதென்று முடிவானது. விழா என்றால் கட்டடம் பளபளக்க வேண்டும். மூன்று மாடி, இருநூற்றுப் பதினான்கு ஜன்னல், எல்லாவற்றிலும் பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உரிந்து தொங்கியது. விழாவுக்கு முன் முன்பக்கமும் விழா அரங்கும், விழாவுக்குப் பின் மற்ற அறைகள் என்று பிரித்துக்கொண்டு நான்கு பெயிண்டர்களை வரவழைத்தார்கள். அவர்களில் ஒருவரை வேலையிடத்தில் எல்லோரும் உப்புத்தாள் என்று கூப்பிடுவார்கள். பெயிண்ட் அடிப்பதற்கு முன் மரத்தைத் தேய்க்கும் அந்தச் சொரசொரப்பான தாள் போலவே அவர் குரல் இருக்கும். இருபது வருடம் தூசியை விழுங்கிய தொண்டையிலிருந்து வேறென்ன குரல் வரும்?

உப்புத்தாளின் வீட்டில் ஒன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை. அழுதால் முகம் சிவந்து உருண்டுவிடும் என்பதால் தக்காளி என்று பெயர். தினமும் சாயங்காலம் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் தள்ளாடி ஓடிவந்து, அவர் முழங்காலைக் கட்டிப்பிடித்து, பேண்ட்டைக் கடித்துச் சப்புவாள். அப்பா மேல் அவ்வளவு ஆசை. சமீபத்தில் அவள் சரியாகச் சாப்பிடவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கிளினிக்கில் இருந்த டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டார். பெயிண்டர் என்றதும் ரத்தம் எடுத்தார்.

ரத்தத்தில் ஈயம், அளவு பதினொன்று. ஐந்து இருந்தாலே கவலைப்படுவோம் என்றார் டாக்டரம்மா. பிறகு உப்புத்தாளின் மனைவியிடம் ஒவ்வொன்றாகச் சொன்னார். பழைய பெயிண்டை நனைத்துவிட்டுத்தான் சுரண்ட வேண்டும், தூசியை வடிகட்டுகிற மாஸ்க் போட வேண்டும், முக்கியமாக, வேலை முடிந்ததும் அங்கேயே தலைக்குக் குளித்துத் துணி மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வர வேண்டும். முடியிலும் சட்டையிலும் ஒட்டிக்கொண்டு வருகிற தூசியே குழந்தைக்குப் போதும்.

வீட்டுக்கு வந்து குளிக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். ஆறு குடும்பங்களுக்கு ஒரே குழாய், அதிலும் காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர். குளியலறை கொல்லைப்பக்கம். அங்கே போக வீட்டுக்குள் புகுந்துதான் போக வேண்டும், நடுவில் தக்காளி நிற்பாள். ஒரு வாரமாக உப்புத்தாள் வாசலிலேயே சட்டையை உதறி, இரண்டு குவளைத் தண்ணீரில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மகள் கதவைப் பிடித்துக்கொண்டு கத்துவதைக் கேட்டபடி நின்றார். அது அவருக்குத் தாங்கவில்லை.

அதனால் ஈயத் தடுப்பு வாரியத்தில் வேலை என்று தெரிந்ததும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. உலகத்திலேயே ஒரு பெயிண்டருக்கு ஒரு வாளித் தண்ணீரும் ஒரு மாஸ்க்கும் குளிக்க ஓரிடமும் கேட்காமலே கிடைக்கும் இடம் ஒன்று உண்டென்றால் அது அதுதானே என்று மனைவியிடம் சொன்னார். பாவம், நல்ல மனிதர்.

முதல் நாள் காலை கண்காணிப்பாளரைப் போய்ப் பார்த்தார். கண்காணிப்பாளர் மெலிந்த உருவம், எப்போதும் யாரோ தன்னை வரைந்துகொண்டிருப்பது போல நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். உப்புத்தாள் வாளித் தண்ணீர் கேட்டார். எதற்கு என்று கேட்டார் கண்காணிப்பாளர்.

"நனைச்சுட்டு சுரண்டினா தூசி பறக்காது சார். உங்க வாரியத்துக் கையேட்டுலயே பன்னிரண்டாம் பக்கத்துல போட்டிருக்கு."

கண்காணிப்பாளரின் முகம் மலர்ந்தது. பன்னிரண்டாம் பக்கத்தை எழுதியதே அவர்தான். அதற்காக ஒரு கேடயம் வாங்கியிருக்கிறார், அது அலமாரியில் இருக்கிறது, எடுத்துக் காட்டினார். கேடயத்தை மீண்டும் வைத்துவிட்டு, ஆனால் புதுக் கம்பளம் விரித்திருப்பதால் கட்டடத்துக்குள் தண்ணீர் கொண்டுவர அனுமதி இல்லை என்றார்.

"அப்ப பன்னிரண்டாம் பக்கம்?"

"அது வேலை நடக்கற இடங்களுக்குப்பா. இது ஆபீஸ். இங்க யாரு வேலை செய்யறா?"

சொன்னவர் அதில் ஏதும் தவறாக உணரவில்லை. உப்புத்தாளும் மரியாதைக்காகச் சிரிக்காமல் இருந்தார். சரி, தூசி பறந்தால் பறக்கட்டும், சாயங்காலம் குளிக்க மட்டும் ஓரிடம் கொடுங்கள் என்று கேட்டார். குளியலறை இருக்கிறது, அலுவலர்களுக்கு மட்டும் என்றார் கண்காணிப்பாளர். ஈயத் தூசி பட்ட தொழிலாளிக்கு விதிவிலக்கு உண்டுதான். ஆனால் இந்தக் கட்டடத்தில் ஈயம் இல்லையென்று நாற்பதாம் எண் தீர்மானம் சொல்வதால், உப்புத்தாள் தலையில் இருப்பது வெறும் தூசி. வெறும் தூசிக்கு விதிவிலக்கு இல்லை.

உப்புத்தாள் கிளினிக் சீட்டை எடுத்து நீட்டினார். மகளின் ரத்தத்தில் பதினொன்று என்று எழுதியிருப்பதைக் கண்காணிப்பாளர் கவனமாகப் படித்தார்.

"குழந்தை எங்க வேலை பாக்குது?"

"ஒன்றரை வயசு சார்."

"அப்ப நம்ம வரம்புல வரல. நாங்க தொழிலாளிங்களுக்கு மட்டும்தான். குழந்தை எங்கேயாவது வேலைக்குப் போயிட்டு இருந்தா, கொஞ்சம் யோசிச்சுப் பாத்திருக்கலாம்."

உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார்.

சரி, மாஸ்க்காவது கேட்போம் என்று ஸ்டோருக்குப் போனார். ஸ்டோரில் கண்ணாடி அலமாரிக்குள் அறுநூறு மாஸ்க் வரிசையாகத் தொங்கின. டாக்டரம்மா சொன்ன அதே வகை, இரண்டு பக்கமும் வடிகட்டியோடு. ஸ்டோர்காரர் வயதான மனிதர், அந்த அலமாரியின் முன் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். இருபத்தைந்து வருடமாக ஒவ்வொரு ஆய்விலும் அறுநூறு என்ற எண்ணிக்கை குறைந்ததே இல்லை என்றார். பக்கத்து ஊர் அலுவலகத்தில் யாரோ கேட்டார்கள் என்று இரண்டு மாஸ்க்கைக் கொடுத்து, ஆய்வன்று எண்ணிக்கை இடித்து, அந்த ஸ்டோர்காரர் பதவி உயர்வே இல்லாமல் ஓய்வு பெற்ற கதையையும் சொன்னார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

"இதுமேல தூசி படக்கூடாதுன்னு தினமும் காலையில நானே துடைக்கறேன் தம்பி. தூசி ரொம்ப கெட்டது, தெரியுமா?"

தெரியும் என்றார் உப்புத்தாள்.

மறுநாளிலிருந்து அவர் விழா அரங்கின் ஜன்னல்களை உலர்வாகவே சுரண்டினார். மூக்கில் ஒரு கைக்குட்டை கட்டிக்கொண்டார். மூன்றாம் நாள், புகார் சொல்லும் தொழிலாளிக்கு விழிப்புணர்வு குறைவு என்று கருதி, கண்காணிப்பாளர் அவரை ஒரு நாள் பயிற்சிக்கு அனுப்பினார். பயிற்சி அதே அரங்கில்தான். மற்ற மூன்று பெயிண்டர்களும் மேலே சாரத்தில் நின்று சுரண்டிக்கொண்டிருக்க, கீழே பல ஊர்களிலிருந்து வந்த நாற்பது பேர் ஈயத் தூசியைத் தவிர்ப்பது எப்படி என்று படித்தார்கள். படங்கள் ஓடிய வெளிச்சத்தில் தூசி தங்க நிறமாக மிதந்து இறங்கியது. பார்க்க மிகவும் அழகாக இருந்தது என்று பலர் கருத்துப் படிவத்தில் எழுதினார்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு முன் கை கழுவும் பயிற்சி. ஏழு படிகள். கம்பளத்தின் காரணமாகத் தண்ணீர் இல்லை, சோப்பும் இல்லை. கண்காணிப்பாளர் மேடையில் நின்று காற்றில் குழாயைத் திறந்தார். நாற்பது பேரும் காற்றில் குழாயைத் திறந்தார்கள். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நகக்கண், கட்டைவிரல், மணிக்கட்டு என்று வெறும் காற்றில் அத்தனையும் தேய்த்தார்கள். முன்வரிசையில் ஒருவர் குழாயை மூட மறந்துவிட, கண்காணிப்பாளர் அவரைக் கடிந்துகொண்டு தண்ணீர்ச் சிக்கனம் பற்றி ஐந்து நிமிடம் பேசினார். பிறகு எல்லோரும் அதே கையோடு சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள்.

உப்புத்தாள் மட்டும் சாப்பிடவில்லை. கடைசியில் கேள்வி நேரத்தில் எழுந்து, இங்கே வேலை செய்கிற எங்கள் நான்கு பேருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்ய முடியுமா என்று கேட்டார். நிறைவுரை ஆற்ற வந்திருந்த வாரியத் தலைவரே பதில் சொல்ல எழுந்தார். தலைவர் பருத்த உடம்பு, இனிய குரல், வாக்கியத்தின் நடுவில் தாமே ரசித்து ஒரு கணம் நிறுத்துவார்.

"நண்பர்களே, இந்த வாரியத்தின் பெருமை என்ன தெரியுமா? இருபத்தைந்து ஆண்டுகளில் ஒரே ஒரு நோயாளியைக்கூட நாம் கண்டுபிடித்ததில்லை. பரிசோதனை என்பது என்ன? நோயைத் தேடிப் போவது. நாம் தடுப்பு வாரியம், தேடும் வாரியம் அல்ல. தேட ஆரம்பித்தால் கிடைத்துவிடும். கிடைத்துவிட்டால், இத்தனை ஆண்டுகளாகத் தடுத்ததெல்லாம் என்ன ஆகும்?"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. உப்புத்தாளுக்குச் சான்றிதழும் 'நான் ஈயத்தை எதிர்க்கிறேன்' என்று எழுதிய ஒரு பொத்தானும் கொடுத்தார்கள். அதைச் சட்டையில் குத்திக்கொண்டு, தலையில் அரைப்படி தூசியோடு வீட்டுக்குப் போனார். தக்காளி கதவுக்கு உள்ளிருந்து அழுதாள்.

இப்படியே மூன்று வாரம் போயிற்று. வெள்ளி விழா நாளன்று காலை மனைவி மறுபடி குழந்தையைக் கிளினிக்குக்குத் தூக்கிப் போனாள். இந்த முறை பதினாறு. அவள் நேராக வாரியத்தின் வாசலுக்கே வந்து கணவரை வெளியே கூப்பிட்டாள். அவள் சத்தம் போடும் ரகமில்லை. அன்றும் போடவில்லை, அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"இவளைக் கூட்டிட்டு அக்கா வீட்டுக்குப் போறேங்க. ஆறு மணி பஸ். உங்க வேலை முடியட்டும், அப்புறம் வரோம்."

"மூணு மாசம் ஆகும்."

"ஆகட்டும். நீங்க நின்னா வீட்டுக்குள்ள நிக்கற எடமெல்லாம் தூசி. நான் எத்தனை தடவை துடைக்கறது? இவ பொறுக்கித் திங்கறா." கொஞ்சம் நிறுத்தி, "குளிச்சுட்டு வர வழி இருந்தா சொல்லுங்க, போகல," என்றாள்.

குழந்தை அவரிடம் தாவக் கையை நீட்டியது. அவர் இரண்டடி பின்னால் போனார். இருபது வருடத்தில் அந்தத் தொழிலை அவர் வெறுத்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

விழா நாலு மணிக்கு. விழாவுக்கு முன் முடிக்க வேண்டிய ஜன்னல்கள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தன, மேடைக்குப் பின்னால் உள்ள ஒன்றைத் தவிர. நீலத் திரைக்குப் பின்னால்தானே, யாருக்குத் தெரியப்போகிறது, முடித்துவிடு என்று கண்காணிப்பாளர் சொல்லிவிட்டார். உப்புத்தாள் திரைக்குப் பின்னால் போய் நின்றார். நின்றவர் அப்படியே நின்றுவிட்டார்.

அங்கே, முந்தின ராத்திரி கொண்டுவந்து பொருத்திய ஒரு குளியலறை இருந்தது. மாதிரிக் குளியலறை. மேலிடத்திலிருந்து வரும் இயக்குநர் அம்மா கயிற்றை இழுத்ததும் திரை விலகும், அவர் வந்து குழாயைத் திறந்து வைப்பார் என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது. அதற்காக நிஜமாகவே தண்ணீர் இணைப்புக் கொடுத்திருந்தார்கள். கம்பளம் அந்த இடத்தில் மட்டும் வட்டமாக வெட்டப்பட்டிருந்தது. வெள்ளைப் பீங்கான் தொட்டி, தலைக்கு மேல் ஷவர், வெந்நீர், தண்ணீர், புதுச் சோப்பு, துண்டு, அழுக்குத் துணிக்கு மூடி போட்ட கூடை, மாற்றிக்கொள்ள வெள்ளைச் சட்டையும் பேண்ட்டும். நெஞ்சிலிருந்து முழங்கால் வரை மறைக்கும் மங்கிய கண்ணாடிக் கதவு. பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்த ஒவ்வொன்றும் அங்கே இருந்தது. பக்கத்தில் ஓர் அட்டை: 'தொழிலாளர் நலனுக்காக. தொடாதீர்கள்.'

உப்புத்தாள் கடைசி ஜன்னலைச் சுரண்டினார். திரைக்கு அந்தப் பக்கம் தலைவர் பேச ஆரம்பித்தார். இந்தப் பக்கத்துத் தூசி திரையின் அடியில் புகுந்து அந்தப் பக்கம் போக, முன்வரிசையில் இயக்குநர் அம்மா தும்மினார். பிறகு தலைவர் தும்மினார். வாரியத்தின் சாதனைப் பட்டியலை அவர் தும்மலுக்கும் தும்மலுக்கும் நடுவில் வாசித்து முடிக்க ஐந்தேகால் ஆகிவிட்டது. ஜன்னலும் முடிந்தது. அங்கிருந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்தால் இருபது நிமிஷம்.

அவர் யோசிக்கவெல்லாம் இல்லை. அழுக்குச் சட்டையையும் பேண்ட்டையும் கழற்றிக் கூடையில் போட்டு மூடினார். அரை டவுசரோடு உள்ளே போய்க் குழாயைத் திறந்தார்.

வெந்நீர் தலையில் விழுந்ததும் அவருக்கு அழுகை வந்தது. சோப்பைத் தலையில் தேய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். தண்ணீர் பெரிதாகச் சத்தம் போடுகிறதே என்று நினைத்தார். அது கைதட்டல். கண்ணைத் திறந்தால் திரையைக் காணோம். எதிரே நானூறு பேர்.

மேடையின் ஓரத்தில் கயிற்றைக் கையில் பிடித்தபடி இயக்குநர் அம்மா நின்றார். அவர் முகத்தில் அன்று முதல் முறையாகத் தூக்கம் இல்லை. உப்புத்தாளுக்குக் கண்ணெல்லாம் சோப்பு. பாதியில் நிறுத்தினால் பஸ் போய்விடும். தொடர்ந்து தேய்த்தார். காதுக்குப் பின்னால், கழுத்து, நகக்கண், விரலிடுக்கு, எதையும் விடவில்லை. கண்காணிப்பாளர் வெளிறிப்போய்த் தலைவரைப் பார்த்தார். இருபத்தைந்து வருடம் அந்த நாற்காலியில் சும்மாவா உட்கார்ந்திருக்கிறார், தலைவர் மைக்கை எடுத்தார். நமது அடுத்த நிகழ்ச்சி, நேரடிச் செயல்முறை விளக்கம் என்று அறிவித்தார்.

இயக்குநர் அம்மா கிட்டே வந்து பார்த்தார். இவ்வளவு இயல்பாகச் செய்கிறாரே என்று வியந்தார். ஆறு மாதப் பயிற்சி என்றார் தலைவர். தொட்டியில் ஓடிய தண்ணீரை அம்மா உற்றுப் பார்த்தார். வெள்ளைப் பீங்கானில், மேடை வெளிச்சத்தில், அது குழம்பிய சாம்பல் நிறத்தில் ஓடிக்கொண்டே இருந்தது.

"தண்ணி ஏன் இப்படி வருது?"

"அது அம்மா, கடைசி வரிசைக்கும் தெரியணும்னு நாங்களே கலர் சேர்த்தோம்," என்றார் தலைவர்.

"எங்க சேர்த்தீங்க?"

"அவர் தலையில."

"மூணு வாரமா சேர்த்தோம் அம்மா," என்றார் கண்காணிப்பாளர், தன் பங்கும் இருக்கட்டும் என்று. "தினமும் விடாம."

இவ்வளவு உழைப்பா என்று அம்மா நெகிழ்ந்துபோனார். இது ஒரே ஒரு நாள் காட்சியாக முடியக் கூடாது, ஒரு வருடம், வேலைநாள் எல்லாவற்றிலும், மாலை நாலரைக்கு, பொதுமக்கள் பார்வைக்கு நடக்க வேண்டும் என்று மேடையிலேயே உத்தரவிட்டார். இந்தக் கலைஞரைப் போல இன்னும் இருக்கிறார்களா என்றும் கேட்டார். சாரத்தின் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த மற்ற மூன்று பெயிண்டர்களும் கூப்பிடாமலே இறங்கி வந்தார்கள். அடுத்தடுத்து மூன்று குளியல். கூட்டம் ஒவ்வொருவரின் தண்ணீர் நிறத்துக்கும் தனித்தனியாகக் கை தட்டியது. மூன்றாவது ஆள் கூரையைச் சுரண்டியவர், அவருக்கு எழுந்து நின்று தட்டினார்கள்.

உப்புத்தாள் அதையெல்லாம் பார்க்க நிற்கவில்லை. ஆணியில் தொங்கிய வெள்ளைச் சட்டை பேண்ட்டை மாட்டிக்கொண்டு பின்வழியாக ஓடினார். காலரில் 'மாதிரி' என்று ஓர் அட்டை நூலில் ஆடியது.

பஸ் வந்து நின்றிருந்தது. மனைவி ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள். வெள்ளை உடுப்பில், தலை சொட்டச் சொட்ட ஓடிவந்த ஆளை முதலில் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் காலைக் கீழே வைத்தாள். ஒரு விரலால் அவர் காதுக்குப் பின்னால் அழுத்தித் தேய்த்து, விரலைத் தன் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். இன்னொரு காதுக்குப் பின்னாலும் தேய்த்துப் பார்த்தாள். நடத்துநர் வர்றீங்களா இல்லையா என்று கேட்டார். அவள் பையை இறக்கி வைத்துவிட்டுக் குழந்தையை அவரிடம் நீட்டினாள்.

தக்காளி முதலில் வர மறுத்தாள். அவளுக்குத் தெரிந்த அப்பாவிடம் வேறு வாசனை. கழுத்தில் மூக்கை வைத்து முகர்ந்தாள், யோசித்தாள், பிறகு காலரில் ஆடிய அட்டையைப் பிடித்து வாயில் வைத்துக் கடித்தாள். உப்புத்தாள் தெருவென்று பாராமல் அழுதார். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் மகளைத் தூக்கியிருந்தார்.

மறுநாள் வாரியம் ஓர் உத்தரவு போட்டது. நான்கு பெயிண்டர்களும் இனி செயல்முறை விளக்கக் கலைஞர்கள். தொழிலாளிக்குத் தர விதியில் இடமில்லாத எல்லாமே கலைஞருக்குத் தர இடமிருந்தது. காட்சிக்குத் தேவை என்றதும் தண்ணீர் வாளி வந்தது. கம்பளத்தைச் சுருட்டி எடுத்துவிட்டார்கள், ஜன்னல்களை நனைத்துச் சுரண்டுவதற்கு ஒத்திகை என்று பெயர் வைத்தார்கள். மாஸ்க் நாடகப் பொருள் என்ற தலைப்பில் வெளியே வந்தது. நான்கு மாஸ்க்கை எடுத்துக் கொடுத்த அன்று ஸ்டோர்காரர் மதியம் சாப்பிடவில்லை. காலியான நான்கு கொக்கிகளிலும் மாஸ்க்கின் புகைப்படத்தை ஒட்டி எண்ணிக்கையைச் சரிசெய்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

நாலரைக் காட்சி ஒருநாளும் தவறவில்லை. பார்வையாளர் குறைந்தது மூன்று பேராவது இருக்க வேண்டும் என்பது விதி. பொதுமக்கள் இரண்டு வாரத்தில் சலித்துப்போனதால், குமாஸ்தாக்களை முறை வைத்து உட்கார வைத்தார்கள். அவர்கள் சாம்பல் தண்ணீரைப் பார்த்துக் கைதட்டிவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்கள். காட்சிக்கு முன் கண்காணிப்பாளர் ஈயத்தின் தீமைகள் பற்றிப் பத்து நிமிடம் பேசுவார். உப்புத்தாள் தலை அரிக்க அரிக்க அதைக் கேட்டுக்கொண்டு நிற்பார். கேட்டாலென்ன, பத்து நிமிஷம் கழித்து வெந்நீர்.

மூன்று மாதம் கழித்துத் தக்காளிக்கு மறுபடி ரத்தம் எடுத்தார்கள். எட்டு. இன்னும் இறங்க வேண்டும், இறங்கிவிடும் என்றார் டாக்டரம்மா. சந்தோஷம் தாங்காமல் உப்புத்தாள் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு கண்காணிப்பாளரிடம் நன்றி சொல்லப் போனார். என்ன இருந்தாலும் அவர் எழுதிய பன்னிரண்டாம் பக்கம்.

கண்காணிப்பாளர் சீட்டைப் படித்ததும் கையை விலக்கிக்கொண்டார்.

"இதை ஏன்பா இங்க கொண்டாந்தே? குறைஞ்சிருக்குன்னு இதுல போட்டிருக்கு. குறைஞ்சிருக்குன்னா முன்னாடி இருந்திருக்குன்னு ஆகும். இருந்திருக்குன்னா எங்கிருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க. மடிச்சு உள்ள வை."

உப்புத்தாள் மடித்தார். கண்காணிப்பாளர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்காரவில்லை. அவர் மேசைக்குப் பக்கத்திலிருந்த ஜன்னல் இன்னும் சுரண்டப்படாதது. அதன் விளிம்பில் ஒரு குழந்தையின் பென்சில் டப்பாவும், பாதி தின்ற ஒரு பிஸ்கட்டும் இருந்தன. கட்டையில் குழந்தையின் கை எட்டும் உயரம் வரை பெயிண்டை யாரோ நகத்தால் உரித்து உரித்து மரம் தெரிந்தது. கண்காணிப்பாளர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என் பொண்ணு," என்றார். "ஸ்கூல் விட்டதும் இங்கதான் வருவா. அஞ்சு வருஷமா. அங்க உக்காந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவா. கொஞ்ச நாளா எதுவும் மனசுல நிக்க மாட்டேங்குதுன்னு டீச்சர் சொல்றாங்க. அடிக்கடி வயித்து வலின்னும் சொல்றா." ஜன்னலிலிருந்து திரும்பினார். "அந்த டாக்டரம்மா எங்க இருக்காங்க?"

உப்புத்தாளுக்கு அவரிடம் சொல்ல மூன்று மாதமாகச் சேர்த்து வைத்த பேச்சு நிறைய இருந்தது. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, மடித்த சீட்டின் பின்பக்கம் கிளினிக் இருக்கும் தெருவையும் திருப்பத்தையும் எழுதிக் கொடுத்தார்.

"இன்னிக்கே போங்க சார். முதல்ல கை கழுவி விடுங்க. தண்ணியில."

அன்று மாலை நாலரைக் காட்சியில் ஈயத்தின் தீமைகள் பற்றிய உரை இல்லை. கண்காணிப்பாளர் மூன்று மணிக்கே கிளம்பிவிட்டார். அவருடைய விடுப்பு விண்ணப்பத்தில், காரணம் என்ற இடத்தில், சொந்த வேலை என்று எழுதியிருந்தது.